நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவே

பன்னிரண்டு சுற்று. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகை தேய்ப்புப் பொடியும் நாலு சொட்டுத் தண்ணீரும் விட்டு, கல்லைக் கவிழ்த்துப் பன்னிரண்டு முறை வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கல்லின் முகத்தை அரை நிமிஷம் ஆசிட்டில் காட்ட வேண்டும். ஆசிட் கல்லை மட்டும்தான் கரைக்கும். கல்லுக்குள் இருக்கிற வேரின் செல்சுவர்கள் கரையாமல் மயிரிழை உயரத்துக்கு எழுந்து நிற்கும். அசிட்டோனை ஊற்றி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் போர்த்தினால் தாள் இளகி அந்தச் சுவர்களைக் கவ்விக்கொள்ளும். இருபது நிமிஷம் காய விட்டு, ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று உரித்தால், முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் சேற்றில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேரின் குறுக்குவெட்டு கையோடு வந்துவிடும். தாளில் எண் எழுதி உறையில் போட வேண்டும். மறுபடியும் பொடி, மறுபடியும் பன்னிரண்டு சுற்று.

இதை அவள் இருபத்தாறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். காலை பத்து மணிக்குள் முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொடி அப்பிவிடும் என்பதால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் மாவக்கா. மேல்மாடியில் புதிதாகச் சேருகிறவர்கள், கீழே ஏதோ மாவு மில் ஓடுகிறது போலிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். முதலில் எல்லாம் விளக்கிச் சொன்னாள்தான். பத்தாவது ஆளுக்குப் பிறகு வாய் வலித்துப்போய் விட்டுவிட்டாள்.

அவள் யாருக்காகக் கல் தேய்த்தாளோ அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: வேர் டாக்டர். பழங்காலத்துச் செடிகளின் வேரை ஆராய்கிற டாக்டர். இது தெரியாமல் வாசல் காவலாளி ஒருநாள் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய எவ்வளவு நாளாகும் என்று கேட்டுவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த டார்ச்சை அடித்து அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பல் மருத்துவர் ஒருவரின் முகவரியையும் எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனுஷன். நாற்பது வயதுக்குள் முன்தலை முழுக்கக் காலி. வேலை மூன்று வருஷ ஒப்பந்தம். அதில் மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. உருப்படியாக ஒரு கட்டுரை வந்தால்தான் இனி அந்த நாற்காலி.

அந்தக் கட்டுரைக்குரிய வேர் கல்லுக்குள் இருந்தது. பென்சிலுக்குள் இருக்கிற கரிக்குச்சியைவிடக் கொஞ்சம் மெல்லியது. டாக்டர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே விஷயம்: இதன் நுனியில் தொப்பி இருக்கிறதா, இல்லையா?

வளர்கிற வேருக்கு நுனியில் ஒரு தொப்பி இருக்கும். மண்ணை முட்டி முட்டிப் போவதால் தொப்பி தேய்ந்துகொண்டே இருக்கும், பின்னாலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். தொப்பிக்குச் சற்றுப் பின்னால்தான் செல்கள் பிரிந்து பெருகுகிற இடம். அதற்கும் பின்னால், வளர்ந்து முடிந்து தண்ணீர் கடத்துகிற குழாய்கள். சில வேர்கள் மட்டும் ஓரளவு ஓடியதும் போதும் என்று தாங்களாகவே நின்றுவிடும். அவற்றில் தொப்பி இருக்காது. முதிர்ந்த செல்கள் நுனி வரைக்கும் வந்துவிடும். இன்றைக்கு இருக்கிற செடிகளில் இது சகஜம். அவ்வளவு பழைய செடியிலும் இருந்ததா என்பதுதான் கேள்வி. இத்தனையும் அவளுக்கு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார். மற்றவர்கள் கல்லைக் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் ஒருத்தர்தான் எதற்கு என்று சொன்னவர். அதனாலேயே பின்னால் அவளுக்கு அத்தனை வேதனை.

நாற்பத்தாறாவது தாளில் வேர் இருந்தது. வட்டம் கொஞ்சம் சிறுத்திருந்தாலும் நடுவில் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன. நுனி நெருங்கிவிட்டது என்று அவளுக்கே புரிந்தது. கல்லைத் திருப்பிப் போட்டு நாற்பத்தேழாவதற்குத் தேய்க்க ஆரம்பித்தபோது போன் அடித்தது. அவள் கணவர்.

அவர் முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் ஓய்ந்துவிட்டன. வீட்டுக்குள் கம்பு ஊன்றி நடப்பார். அவர் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க அவளால் முடியாது. விழுந்துவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, அந்த நகவெட்டி எங்க?"

விழவில்லை. நகவெட்டி. அப்பாடா என்றிருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"மேல் டிராயர்ல பாருங்க."

"பார்த்தாச்சு. இல்ல."

"அப்ப அதுக்குக் கீழ."

"இரு, போன கட்டில்ல வெச்சிட்டுப் பார்க்கறேன்." கம்பின் டொக் டொக். டிராயர் இழுபடுகிற சத்தம். "இங்க பூரா பழைய ரசீதுதான் இருக்கு. இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்க?"

"அதை விடுங்க. கண்ணாடி அலமாரியில?"

"அங்க நான் இன்னும் போகல."

"அப்ப போங்க. மெதுவா போங்க. இப்ப என்ன அவசரம், சாயங்காலம் வந்து நான்தானே வெட்டப்போறேன்?"

"நீ வர்றதுக்குள்ள நானே வெட்டிடலாம்னு பார்த்தேன். இடது கையாலே கால் நகத்தையாவது வெட்டிடுவேன். உனக்கு ஒரு வேலை குறையுமில்ல?"

அலமாரியிலும் இல்லை. போனை வைத்தார். அவள் கீழே பார்த்தாள். அவள் கை சுற்றிக்கொண்டே இருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தக் கை சுற்றும் போலிருக்கிறது. பொடி முழுக்கக் கருஞ்சாம்பல் நிறச் சேறாகிவிட்டிருந்தது. எத்தனை சுற்று? அவளுக்குத் தெரியவில்லை.

கல்லைக் கழுவினாள், ஆசிட்டில் காட்டினாள், தாளைப் போர்த்தினாள், நோட்டில் வழக்கம்போல் 'பன்னிரண்டு' என்று எழுதினாள். கொஞ்சம்தான் அதிகம் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தின ராத்திரி சரியான தூக்கமில்லை. அதற்கு முந்தின ராத்திரியும் இல்லை. நின்று யோசிக்கவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது, அது அவளிடம் இல்லை.

நாற்பத்தேழாவது தாளில் வேர் இல்லை. வெறும் கல்தான் இருந்தது. ஓரத்தைச் சீர்செய்யக் கருவித் தட்டில் கையை விட்டாள். அங்கே கிடந்தது நகவெட்டி. கத்தரிக்கோல் தாளின் மூலையை மடித்துவிடுகிறது, இதுதான் நறுக்கென்று கடிக்கும் என்று போன வாரம் அவளேதான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் தாள்களைப் பார்த்த டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அக்கா, நின்னுடுச்சு!"

"எது சார்?"

"வேருதான்! நாப்பத்தாறுல முத்தின குழாய். நாப்பத்தேழுல ஒண்ணுமே இல்ல. தொப்பியே கிடையாது. தானா நின்னுபோன வேர்!" அவர் கண் கலங்கியிருந்தது. "உங்க பேரும் கட்டுரையில வரும் அக்கா. நன்றின்னு கடைசியில ஒரு மூலையில இல்ல, எங்க பேரோட சேர்ந்து."

இருபத்தாறு வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதில் அவளுக்குச் சப்பைக்கட்டு கட்ட யாராலும் முடியாது, அவளாலும்.

பத்துத் தாளுக்கு ஒருமுறை கல்லின் கனத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து நோட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதுவது வழக்கம். ஐம்பதாவது தாள் முடிந்ததும் அளந்தாள். நாற்பதாவதில் 18.4 மில்லிமீட்டர். பத்துத் தாளுக்குப் புள்ளி ஆறு குறையும், ஆக 17.8 வர வேண்டும். வந்தது 17.3. மூன்று தரம் துடைத்து அளந்தாள். அதே 17.3. போனை எடுத்து அந்த அழைப்பு எவ்வளவு நேரம் என்று பார்த்தாள். ஐந்து நிமிஷம் பன்னிரண்டு விநாடி. நிமிஷத்துக்கு இருபத்தைந்து சுற்று என்று வைத்தால்கூட நூறைத் தாண்டிவிட்டது. அரை மில்லிமீட்டர் கல். அதற்குள் ஒரு தொப்பியும், அதன் பின்னால் பிரிந்து பெருகுகிற அத்தனை செல்லும் தாராளமாக அடங்கும்.  17.3 என்றே எழுதினாள். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை.

நாலு மாதம் அப்படியே போயிற்று. டாக்டர் கட்டுரையை அனுப்பினார். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். அவள் அவர் வருகிற நேரம் பார்த்து வாளி கழுவப் போனாள். தேய்த்த சேற்றைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று வாளியில் தெளிய விட்டு, மாதக் கடைசியில் கொட்டுவார்கள். அந்த மாதத்து வாளி எப்போதோ கொட்டியாகிவிட்டது. தொப்பி என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் அதோடு போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு பிற்பகல் டாக்டர் கீழே வந்தார். கையில் ஒரு காகிதம்.

"அக்கா, கட்டுரையப் படிச்சுப் பார்க்கறவங்கள்ல ஒருத்தர் கொஞ்சம் முரண்டு பிடிக்கறார். ஒரு தாள்ல வேர் முழுசா இருக்கு, அடுத்த தாள்ல ஒண்ணுமே இல்ல, இது எப்படின்னு கேக்கறார். கல்லோட கனக் கணக்கு வேணுமாம். அந்த நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? அதை மட்டும் காட்டிட்டா வாயடைச்சிடலாம்."

"இருக்கு சார்."

"நாளைக்குக் காலைல குடுங்க. அனுப்பிட்டா முடிஞ்சுது." அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எப்படா முடியும்னு இருக்குக்கா. வீட்டை மாத்தறதா வேணாமான்னு என் மனைவி தினம் கேக்கறா. இது வந்துட்டா பதில் சொல்லிடுவேன்."

சாயங்காலம் நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுப்பில் ஒன்று, கணவரின் துணி ஒன்று, மாத்திரை ஒன்று என்று மாறி மாறி ஓடிவிட்டு, ஏழு மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். 17.3. எழுதிய அதே பேனா. மூன்றின் இடது பக்கத்தை மூடினால் எட்டு. ஒரே ஒரு கோடு. கணக்கும் கச்சிதமாகப் பொருந்திவிடும். இவ்வளவு சுலபமாக ஒரு தப்பு அவள் வாழ்க்கையில் இதுவரைக்கும் வாய்த்ததில்லை.

அவர் கம்பை ஊன்றி வந்து எதிரில் உட்கார்ந்தார். இடது கையால் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். எண்களைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"நல்லா எழுதியிருக்கியே. பத்துக்குப் பத்துப் பாயின்ட் ஆறு. இங்கயும் பாயின்ட் ஆறு. நாங்ககூட இவ்வளவு சீரா எடுக்க மாட்டோம்." விரல் கீழே இறங்கி நின்றது. "இங்க என்ன, ஒண்ணு புள்ளி ஒண்ணு போயிருக்கு?"

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள்.

"உன் கை தவறாதே. என்னாச்சு அன்னிக்கு?"

"போன் வந்துச்சு."

"யாரு?"

அவள் மேஜையைப் பார்த்தாள். அவர் பக்கத்தின் மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். அந்தத் தேதி அவருக்கு எதையும் சொல்லியிருக்காது. அவள் முகம்தான் சொன்னது.

"நகவெட்டி," என்றார்.

"நீங்க இல்லைங்க. நான்தான் எண்ணல. கல்ல கீழ வெச்சிட்டுப் பேசியிருக்கலாம்ல?"

எல்லாவற்றையும் சொன்னாள். வேரை, தொப்பியை, டாக்டரின் நாற்காலியை, தன் பெயர் வரப்போவதை. அவர் நோட்டை அவள் பக்கமே திருப்பி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எட்டாக்கிடு," என்றார். "யாரு வந்து அளக்கப்போறாங்க? நீ ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. அந்தத் தம்பிக்கும் வேலை நிலைக்கும்." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "சீ, என்ன பேச்சு இது. முப்பது வருஷத்துல ஒரு அளவு மாத்தி எழுதினதில்ல நான். உன்னை எழுதச் சொல்றேன் பாரு."

மறுநாள் டாக்டர் வருவதற்கு முன்னாலேயே ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். நோட்டைத் திறந்து பேனா முனையை மூன்றின் மேல் வைத்தாள்.  ஆனால் எட்டாக்கியபின் என்ன என்று தோன்றியது. யாராவது கேட்டால் ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில், டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முகம், வீட்டில் கணவரிடம் வேறொரு முகம். காலையில் எழுந்து ஒரு மனுஷனைக் குளிப்பாட்டி, பஸ் பிடித்து வந்து, நாள் முழுக்கக் கல்லைத் தேய்த்துப் போகிறவளுக்கு இதை வேறு தூக்கிச் சுமக்கத் தெம்பு ஏது? நல்லவள் என்பதால் அல்ல, அலுத்துப்போனதால்தான் அவள் பேனாவை மூடினாள்.

"சார்," என்றாள் டாக்டர் வந்ததும். "நாப்பத்தாறுக்கும் நாப்பத்தேழுக்கும் நடுவுல நான் எண்ணல."

அவர் நோட்டைப் பார்த்தார். கணக்குப் போட அவருக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. முகம் வெளுத்தது.

"அரை மில்லிமீட்டர்."

"ஆமா சார்."

"அந்த அரை மில்லிமீட்டர்லதான் எல்லாமே இருக்கு. ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருக்கணும் சார். நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. என்னால முடியல."

"நாலு மாசம்!" என்று கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "நாலு மாசமா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்!" கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. உடம்பெல்லாம் வலித்தது. அதோடு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், கொஞ்சம் பசித்தது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அலுவலகத்திலிருந்து அவளுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். நாலாம் நாள் டாக்டர் கீழே வந்தார். சவரம் செய்யவில்லை. கையில் துணி சுற்றிய ஒரு கல்.

"இது அதே கல்லோட மறுபாதி. எக்ஸ்ரேயில மூணு வேர் தெரியுது. எனக்கு ஆறு மாசம் இருக்கு." கல்லை மேஜையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நானே பார்த்துக்கூட நாப்பத்தாறைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல, அக்கா. அது நின்னுபோன வேரா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை."

"நானே தேய்க்கட்டுமா சார்?"

"வேற யாரு இருக்கா?" என்றார். அது மன்னிப்பா, வேறு வழியில்லாமையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்று கல்லை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. மதிய மாத்திரை வைத்த இடத்தில் இல்லை. காலை அவசரத்தில் அவளேதான் அதைத் தூக்கி மேல் தட்டில் வைத்திருந்தாள். அவருக்கு எட்டாத தட்டு. குடிதண்ணீர் ஜாடியும் அங்கேதான்.

"மாத்திரை போடலையா? தண்ணிகூடக் குடிக்கலையா?"

"நீ எங்க வெச்சேன்னு தெரியல."

"ஒரு போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே!"

 அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அன்று ஓர் அழைப்பும் இல்லை. முந்தின நாளும் இல்லை. நோட்டைப் பார்த்த அன்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. தன் தலைவலியில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"நீ எண்ணிட்டு இருப்ப," என்றார் அவர்.

அவளுக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் தன்மேலும் வந்தது, அவர்மேலும் வந்தது, கல்மேலும் வந்தது. தண்ணீரை ஊற்றிக் கொடுத்த வேகத்தில் பாதி அவர் சட்டையில் கொட்டியது. அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. சட்டையைத் துடைத்துக்கொண்டே அழுதாள். பிறகு ஆய்வகத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்த நகவெட்டியைப் பையிலிருந்து எடுத்து, அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு, பத்து விரலுக்கும் நகம் வெட்டிவிட்டாள். 

மறுநாள் மறுபாதிக் கல்லில் முதல் தாள். போனைப் பையோடு பூட்டி வைத்தாள். பன்னிரண்டு சுற்றையும் வாய்விட்டு எண்ணினாள். கழுவினாள், ஆசிட்டில் காட்டினாள், அசிட்டோனை ஊற்றித் தாளைப் போர்த்தினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

போன் இரண்டு தரம் அடித்ததும் எடுத்தார். "என்னாச்சு?" என்றார் பதறி.

"ஒண்ணும் ஆகல. தாளு காயுது. இருபது நிமிஷம் நான் கல்லைத் தொட மாட்டேன். ஒவ்வொரு தாளுக்கும் இப்படித்தான் கூப்பிடுவேன். என்ன வேணுமோ அப்பக் கேளுங்க."

"இப்ப எனக்கு ஒண்ணும் வேணாமே."

"வேணாம்னா சும்மா இருங்க. வைக்காதீங்க."

அவர் வைக்கவில்லை. அவருடைய மூச்சும், அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும் கேட்டன. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மேஜை முன்னால் வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.